வாசகர் கேள்வி பதில்: மாத்திரை சாப்பிட்ட புள்ளைக்கு மிலிட்டரி அகாடமி கிடைக்குமா?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு ஒரே விஷயத்தப் பத்தி. அமெரிக்காவுல வளர்ற நம்ம பசங்க நிறைய பேரு வெஸ்ட் பாயின்ட் (ஆர்மி அகாடமி), அன்னாபோலிஸ் (நேவல் அகாடமி), கொலராடோ ஏர்ஃபோர்ஸ் அகாடமின்னு ஆசைப்படுறாங்க, மார்க் இருக்கு, ஓட்டம் இருக்கு, எல்லாம் இருக்கு, கடைசியில எப்பவோ சாப்பிட்ட ஒரு மாத்திரை வந்து குறுக்க நிக்குது. அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன்.

கேள்வி: என் பையன் 11-ம் கிளாஸ், வயசு 17. ஏழாம் கிளாஸ்ல இருந்தே வெஸ்ட் பாயின்ட்தான்னு சொல்லிட்டு இருக்கான். நாலாம் கிளாஸ்ல ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சினைன்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க. ஒன்பதாம் கிளாஸ் முடிஞ்ச லீவுல டாக்டர்கிட்ட பேசிட்டு நிறுத்தினோம், அப்புறம் மாத்திரை இல்லாமலே நல்லா படிக்கிறான், கிராஸ் கன்ட்ரி ஓடுறான். ஸ்கூல்ல 504 பிளான் (இந்த மாதிரி பிரச்சினை இருக்குற பசங்களுக்கு ஸ்கூல் எழுத்துல குடுக்குற சலுகை ஏற்பாடு) இருந்துச்சு. என் வீட்டுக்காரர் "அதான் நிறுத்தியாச்சே, எதுக்கு எழுதணும், இல்லன்னு டிக் பண்ணிட்டுப் போ"ங்கிறார். எனக்கு பயமா இருக்கு. – ஒரு அம்மா, நியூ ஜெர்சி

பதில்: அம்மா, உங்க பயம் சரியானது, வீட்டுக்காரர்கிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க. அகாடமிக்கு நிரப்புற மெடிக்கல் ஃபார்ம்ல மறைக்கவே கூடாது. அந்த ஃபார்ம் "இப்ப இருக்கா"ன்னு மட்டும் கேக்காது, "எப்பவாவது இருந்துச்சா"ன்னுதான் கேக்கும். மருந்துக்கடை கணக்கு, இன்சூரன்ஸ் கணக்கு, டாக்டர் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் உங்க பையன் பேரு இருக்கு, 2022-ல இருந்து ராணுவத்துக்கு ஆள் எடுக்குற இடங்கள்ல வெளி ஆஸ்பத்திரி ரெக்கார்டையே இழுத்துப் பாக்குற சிஸ்டம் வந்துடுச்சு. இன்னைக்குத் தப்பிச்சாலும் ரெண்டாவது வருஷத்துல தெரிய வந்தா அகாடமிய விட்டே அனுப்பலாம், பொய் சொல்லி ராணுவத்துல சேர்றது ராணுவ சட்டப்படி குற்றம். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. வெஸ்ட் பாயின்ட்டோட ஹானர் கோடே பொய் சொல்ல மாட்டேன், ஏமாத்த மாட்டேன், திருட மாட்டேன், அப்படி செய்றவங்கள பொறுத்துக்கவும் மாட்டேன்ங்கிறதுதான், அங்க போகணும்னு இத்தனை வருஷமா ஆசைப்பட்ட புள்ளைய முதல் படியிலயே பொய் எழுத வைக்கிறது அவனுக்கு நாம செய்ற அநியாயம்.

இப்ப முறைய சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு யாரு எத முடிவு பண்றாங்கன்னே தெரியல. மெடிக்கல பாக்குறது டாட்மெர்ப்னு ஒரு போர்டு, கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல ஏர்ஃபோர்ஸ் அகாடமி வளாகத்துல இருக்கு. எல்லா சர்வீஸ் அகாடமிக்கும், ஆர்ஓடிசி (காலேஜ்ல படிச்சுக்கிட்டே எடுக்குற ஆபீசர் பயிற்சி) ஸ்காலர்ஷிப்புக்கும் இவங்கதான். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட உடம்புப் பரிசோதனை, கண் பரிசோதனை, காசு நீங்க கட்ட வேண்டாம். இந்த போர்டோட வேலை பாதுகாப்புத் துறையோட மெடிக்கல் விதிப் புத்தகத்த வெச்சு பையன் அந்த விதிக்குள்ள வர்றானா இல்லையான்னு சொல்றது, அவ்வளவுதான். வரலன்னா டிஸ்குவாலிஃபைடுன்னு லெட்டர் வரும், அத பாத்ததும் வீட்ல எழவு விழுந்த மாதிரி ஆகிடுது, ஆனா அங்க கதை முடியல. வெய்வர், அதாவது விதிவிலக்கு, குடுக்குறது போர்டு இல்ல, அந்தந்த அகாடமி. அதையும் நாமளா அப்ளிகேஷன் போட்டு வாங்க முடியாது, இந்தப் பையன் நமக்கு வேணும்னு அட்மிஷன் ஆபீஸ் நினைச்சாதான் அவங்களே வெய்வர் வேலைய ஆரம்பிப்பாங்க. அதனால மெடிக்கல் லெட்டர பாத்து பயந்து மத்த அப்ளிகேஷன் வேலைய நிறுத்துறது மாதிரி தப்பு வேற இல்ல, மார்க், எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷன் தேர்வு), ஃபிட்னஸ் டெஸ்ட், செனட்டர்கிட்டயும் காங்கிரஸ் உறுப்பினர்கிட்டயும் வாங்க வேண்டிய நாமினேஷன் (சிபாரிசு) எல்லாம் பலமா இருந்தாதான் வெய்வர் பேச்சே வரும்.

உங்க பையன் விஷயத்துக்கு வர்றேன். ஏடிஎச்டிக்கு விதி நாலு விஷயத்தப் பாக்குது. கடைசி 24 மாசத்துல மாத்திரை எழுதிக் குடுத்தாங்களா, 14 வயசு முடிஞ்ச பிறகு ஐஇபியோ (ஸ்கூல் போடுற தனிக் கல்வித் திட்டம்) 504 பிளானோ இருந்துச்சா, கூடவே வேற மனநலப் பிரச்சினை இருந்துச்சா, இதனால படிப்போ வேலையோ கெட்டுச்சுன்னு ரெக்கார்ட் இருக்கா. இதுல ஒண்ணு இருந்தாலும் டிஸ்குவாலிஃபைடுதான். நம்ம ஆளுங்க எல்லாரும் மாத்திரையவே பாத்துட்டு இருக்காங்க. உங்க கணக்குப்படி பையன் மாத்திரைய நிறுத்தி ரெண்டு வருஷம் இந்த லீவோட முடிஞ்சுடும், பரிசோதனை 12-ம் கிளாஸ்ல நடந்தா அந்த விதிய தாண்டிடுவான். அவன மாட்டி விடப் போறது 504 பிளான். ஒன்பதாம் கிளாஸ்ல அவனுக்கு 14 தாண்டியிருக்கும், பிளான் அப்ப இருந்துச்சு, அதனால வெய்வர் தேவைப்படும்னு மனச இப்பவே தயார் பண்ணிக்கோங்க.

நாளைக்கே ஸ்கூல் கவுன்சிலருக்கு ஒரு மெயில் போட்டு அந்த பிளான் இன்னும் ஃபைல்ல உயிரோட இருக்கான்னு கேளுங்க. நிறைய வீட்ல பையன் அத யூஸ் பண்றதே இல்ல, யாரும் மூடவும் இல்ல, வருஷா வருஷம் தானா புதுப்பிச்சுட்டே போகுது, கேட்டா 11-ம் கிளாஸ் வரைக்கும் இருந்த மாதிரி காகிதம் சொல்லும். நிஜமாவே அவனுக்கு அது தேவையில்லன்னா மீட்டிங் போட்டு எழுத்துல மூடச் சொல்லுங்க, எந்த வருஷத்துல இருந்து எந்த சலுகையும் எடுக்கலன்னும் லெட்டர்ல இருக்கட்டும். எஸ்ஏடிக்கு எக்ஸ்ட்ரா டைம் வாங்குறதும் சலுகைதான், அது மறந்துடக் கூடாது.

அப்புறம் காகிதம். முதல்ல எப்படி, யாரு கண்டுபிடிச்சாங்கங்கிற ரிப்போர்ட், மாத்திரை எழுதின டாக்டரோட முழு ரெக்கார்ட், கடைசியா என்னைக்கு மாத்திரை வாங்கினோம்னு மருந்துக்கடையோட பிரின்ட், நிறுத்தின பிறகு வந்த ரிப்போர்ட் கார்டு எல்லாம். ரெக்கார்ட் கேட்டா 30 நாளுக்குள்ள குடுக்கணும்னு சட்டம், இருந்தாலும் இழுப்பாங்க, அதனால லீவுலயே வாங்கி வெச்சுடுங்க. பையனுக்கு 18 ஆகிடுச்சுன்னா உங்க கையெழுத்து செல்லாது, அவனே கேக்கணும். மாத்திரை இல்லாத நிலையில எடுத்த சைக்காலஜி டெஸ்ட் வேணும்னு அகாடமி கேக்கலாம், கேட்டா எடுங்க, முன்னாடியே ஆயிரக்கணக்குல டாலர் கொட்டி எடுத்துடாதீங்க, அவங்க எந்த டெஸ்ட் வேணும்னு எழுதுவாங்களோ அதுதான் கணக்குல வரும்.

உங்களுக்கு இது பொருந்தாது, ஆனா இத படிக்கிற வேற அம்மா அப்பாவுக்கு சொல்றேன். அந்த 24 மாசக் கணக்கு தெரிஞ்ச உடனே "இன்னையில இருந்து மாத்திரைய நிறுத்து, தேதி ஓட ஆரம்பிக்கட்டும்"னு யாரும் வீட்ல முடிவெடுக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் மாத்திரை தேவைப்பட்டா 11-ம் கிளாஸ் மார்க் விழும், மார்க் விழுந்தா அகாடமியும் போச்சு, விதியோட நாலாவது விஷயமும் சேந்து மாட்டும், எல்லாத்துக்கும் மேல புள்ள தன்ன முட்டாள்னு நினைக்க ஆரம்பிச்சுடும். நிறுத்தலாமா வேண்டாமாங்கிறது எழுதிக் குடுத்த டாக்டரும் புள்ளையும் சேந்து முடிவு பண்ற விஷயம், அதுல ராணுவ காலண்டருக்கு இடம் குடுக்காதீங்க. விதி ஏன் இப்படி இருக்குன்னும் யோசிச்சுப் பாருங்க, தூக்கம் இல்லாம, மருந்து சப்ளை வருமா வராதான்னு தெரியாத ஒரு இடத்துல நாப்பது பேரோட உயிர கையில வெச்சுட்டு நிக்க வேண்டிய வேலை அது, மாத்திரை இல்லாம இவனால முடியுமான்னு அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு.

கேள்வி: என் பொண்ணு ஏர்ஃபோர்ஸ் அகாடமிக்கு அப்ளை பண்ணியிருக்கா. 14 வயசுல லீவுக்கு திருநெல்வேலி போனப்ப ஒரு வாரம் இருமல், மூச்சு இரைச்சல், அங்க டாக்டர் நெபுலைசர் வெச்சு அஸ்தாலின் இன்ஹேலர் எழுதிக் குடுத்தார். பத்து நாள் அடிச்சா, சரியாப் போச்சு, அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. ஃபார்ம்ல உண்மையா எழுதினோம், ஆஸ்துமான்னு சொல்லி டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. என் மச்சான் அங்க டாக்டர்தான், என்ன லெட்டர் வேணும்னாலும் எழுதித் தர்றேங்கிறார். – ஒரு அப்பா, டெக்சஸ்

பதில்: உண்மைய எழுதினதுக்கு முதல்ல உங்களுக்கும் பொண்ணுக்கும் என் மரியாதை சார். அந்தக் கோபத்துல "எழுதியிருக்கவே கூடாது"ன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.

விதி என்னன்னா 13-வது பிறந்தநாளுக்கு அப்புறம் ஆஸ்துமாவோ மூச்சுக்குழாய் சுருங்குற எந்தப் பிரச்சினையோ இருக்கக் கூடாது, அதுக்குன்னு இன்ஹேலர் எழுதிக் குடுத்திருக்கவும் கூடாது. அஸ்தாலின்ல இருக்குறது சால்பியுடமால், அதையே அமெரிக்காவுல அல்பியூட்ரால்னு சொல்றாங்க, பேரு வேற, மருந்து ஒண்ணுதான். நம்ம ஊர்ல மழைக்காலத்துல நெஞ்சு சளின்னு போனாலே நெபுலைசர் வெச்சு விடுறது சாதாரணம், ஆனா கொலராடோவுல உக்காந்து ஃபைல் பாக்குறவருக்கு 14 வயசு, இன்ஹேலர்ங்கிற ரெண்டு வார்த்தைதான் தெரியும். அதனால அந்த முடிவுல உங்க பொண்ணு மேல எந்தப் பகையும் இல்ல.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு, குழப்பிக்கக் கூடாது. அவளுக்கு ஆஸ்துமாவே இருந்ததில்ல, அது வைரஸ் காய்ச்சலோட வந்த மூச்சுக்குழாய் அழற்சிதான்னு நிரூபிக்கிற ரெக்கார்ட் இருந்தா, உங்க முடிவு தப்புன்னு போர்டுக்கே மறுப்பு எழுதலாம். இருந்துச்சு, இப்ப இல்லன்னா அது வெய்வர் வழி, அத அகாடமி பாக்கும். முதல் வழிக்கு நம்ம பக்கம் இருக்குற பெரிய கஷ்டம் ஊர்ல சின்ன கிளினிக்ல ஃபைலே வெச்சுக்க மாட்டாங்க, சீட்டு நம்ம கையிலதான் குடுப்பாங்க, நாம அத அடுத்த வாரமே தொலைச்சிருப்போம். வீட்ல பழைய பை, அலமாரி, மருந்துக்கடை பில்லு, வாட்ஸ்அப்ல அனுப்பின ஃபோட்டோ எல்லாம் தேடுங்க. சீட்டு கிடைச்சா தங்கம். கிடைக்கலன்னா அன்னைக்கு அவள பாத்த அதே டாக்டர்கிட்ட போயி, அவருக்கு ஞாபகமோ குறிப்போ இருந்தா, லெட்டர்ஹெட்ல, பதிவு எண்ணோட, தேதி, என்ன தொந்தரவு, என்ன நோய்னு நினைச்சார், என்ன மருந்து, எத்தனை நாள்னு இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொல்லுங்க.

மச்சான் லெட்டர் வேண்டவே வேண்டாம். அவர் பாசத்துல சொல்றார், புரியுது, ஆனா அவர் அன்னைக்கு பொண்ண பாக்கல. பாக்காத டாக்டர் எழுதுற லெட்டர் பொய் லெட்டர், அது வெளிய வந்தா ஒரு இன்ஹேலர் பிரச்சினை நேர்மைப் பிரச்சினையா மாறிடும், அதுக்கு எங்கயும் வெய்வர் கிடையாது.

உங்ககிட்ட ஏற்கெனவே இருக்குற நல்ல சாட்சி டெக்சஸ்லயே இருக்கு. ஸ்கூல் விளையாட்டுக்குன்னு ஃபிசிக்கல், அதாவது உடம்புப் பரிசோதனை, எடுத்திருப்பா, அதுல ஆஸ்துமா இல்ல, மூச்சு நல்லா இருக்குன்னு டாக்டர் டிக் பண்ணியிருப்பார், அந்த ஃபார்ம் எல்லாம் எடுங்க. அதோட குழந்தை டாக்டர்கிட்ட இருக்குற முழு ரெக்கார்டையும் வாங்கி நீங்களே வரி வரியா படிங்க. ஊர்ல இருந்து வந்ததும் நீங்க வாய்வார்த்தையா "இன்ஹேலர் குடுத்தாங்க"ன்னு சொல்லியிருப்பீங்க, அந்த நர்ஸ் "ஆஸ்துமா இருந்தது"ன்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணிட்டு போயிருப்பாங்க, அது இத்தனை வருஷமா அங்கேயே உக்காந்திருக்கும். அப்படி இருந்தா அத திருத்தச் சொல்லி எழுத்துல கேக்குற உரிமை உங்களுக்கு சட்டப்படி இருக்கு, டாக்டர் பரிசோதிச்சு ஒத்துக்கிட்டா திருத்துவார்.

வெய்வர் கட்டத்துல நுரையீரல் டெஸ்ட் கேப்பாங்க. ஊதி அளக்குற ஸ்பைரோமெட்ரி, இன்ஹேலருக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. சில சமயம் மெத்தகோலின் சேலஞ்சுன்னு ஒரு டெஸ்ட், மூச்சுக்குழாய சுருங்க வைக்கிற மருந்த கொஞ்சம் கொஞ்சமா இழுக்க வெச்சு எந்த அளவுல ரியாக்ட் பண்ணுதுன்னு பாப்பாங்க, அத நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட்கிட்டதான் செய்யணும். சளி காய்ச்சல் வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள போய் அந்த டெஸ்ட் எடுக்காதீங்க, நல்லா இருக்குறவங்களுக்கே அப்ப மூச்சுக்குழாய் எரிச்சலா இருந்து ரிசல்ட் தப்பா வரலாம். டெஸ்ட்ல நிஜமாவே ஆஸ்துமான்னு தெரிஞ்சா அதையும் ஏத்துக்கணும் சார், கடல் மட்டத்துல இருந்து 7,000 அடிக்கு மேல இருக்குற அந்த அகாடமியில முதல் நாள்ல இருந்தே ஓட்டம்தான், அங்க போயி மூச்சு நிக்கிறத விட இங்க தெரியிறது நல்லது.

கேள்வி: எனக்கு 18 வயசு. 10-ம் கிளாஸ்ல ரொம்ப டிப்ரஷனா இருந்துச்சு, எட்டு மாசம் கவுன்சிலிங் போனேன், செர்ட்ரலின்னு டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டேன். 11-ம் கிளாஸ் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே டாக்டர் நிறுத்திட்டார், இப்ப நல்லா இருக்கேன். நேவல் அகாடமி மெடிக்கல்ல டிஸ்குவாலிஃபைடு. அம்மா தினமும் "அன்னைக்கு கவுன்சிலிங் போகாம கோயிலுக்குப் போயிருந்தா இது வந்திருக்குமா"ங்கிறாங்க. நான் உதவி கேட்டதே தப்பா? – ஒரு மாணவி, கலிஃபோர்னியா

பதில்: இல்ல பாப்பா. 15 வயசுல உனக்கு என்னமோ சரியில்லன்னு நீயே புரிஞ்சுக்கிட்டு, வாய் திறந்து சொல்லி, எட்டு மாசம் விடாம போயி வெளிய வந்திருக்க. நம்ம வீடுகள்ல பெரியவங்களாலயே செய்ய முடியாதது அது. அன்னைக்கு நீ போகாம இருந்திருந்தா இன்னைக்கு அப்ளிகேஷன் போடுற நிலைமையில இருந்திருப்பியான்னு அம்மாகிட்ட நான் கேட்டதா சொல்லு. கோயிலுக்கும் போகட்டும், தப்பில்ல, காய்ச்சல் வந்தா விபூதியும் பூசிட்டு டாக்டர்கிட்டயும் போறோம்ல.

உன் டிஸ்குவாலிஃபிகேஷன் ஒரு கணக்கு. டிப்ரஷனுக்கு விதி என்ன சொல்லுதுன்னா கவுன்சிலிங் உட்பட சிகிச்சை மொத்தமா 12 மாசத்த தாண்டக் கூடாது, கடைசி 36 மாசத்துல அறிகுறியோ சிகிச்சையோ இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில தங்கி சிகிச்சை எடுத்திருக்கக் கூடாது, திரும்ப வந்திருக்கக் கூடாது, உயிர மாய்ச்சுக்கணும்ங்கிற முயற்சியோ எண்ணமோ இருந்திருக்கக் கூடாது. நீ எழுதினத வெச்சுப் பாத்தா எட்டு மாசம்ங்கிறது 12-க்குள்ள. உன்ன நிறுத்துறது அந்த 36 மாசம்தான், நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும், இன்னும் பாதி பாக்கி. நீ பலவீனமானவன்னு அந்த லெட்டர்ல எங்கயும் எழுதல.

அகாடமி உன்ன வேணும்னு நினைச்சா இந்த வருஷமே வெய்வர் பாக்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மனநல விஷயத்துல சிகிச்சை முடிஞ்சு எவ்வளவு காலம் ஆச்சுங்கிறதுக்கு ரொம்ப எடை இருக்கும்கிறதால நான் உனக்கு பொய் நம்பிக்கை தர மாட்டேன். உன் கையில இருக்குறத செய். எப்ப ஆரம்பிச்சது, என்ன டோஸ், எப்ப நிறுத்தினாங்க, நிறுத்தினப்ப டாக்டர் என்ன எழுதினார், இதெல்லாம் இருக்குற முழு ரெக்கார்ட வாங்கு. இப்ப எப்படி இருக்கேன்னு ஒரு புது மதிப்பீடு கேட்டா தயங்காம போ. உன் பக்கத்த நீயே ஒரு பக்கத்துல எழுதச் சொன்னா நடந்தத நேரா எழுது, அழுது எழுதாத, மறைச்சும் எழுதாத.

ஒவ்வொரு சர்வீஸும் தனித்தனியா முடிவு பண்ணும். நேவி இல்லன்னா ஆர்மியும் இல்லன்னு அர்த்தமில்ல. கோஸ்ட் கார்டு அகாடமிக்கு நாமினேஷனே தேவையில்ல, ஆனா அப்ளிகேஷன் கடைசித் தேதி ஒவ்வொண்ணுக்கும் வேற, உடனே பாரு. இந்த வருஷம் எல்லாம் மூடிடுச்சுன்னா நேவி ஆர்ஓடிசி இருக்குற காலேஜ்ல சேரு, ஸ்காலர்ஷிப் இல்லாம சேர்ற வழியும் இருக்கு, இரண்டாம் வருஷம் வர்றப்ப உன் 36 மாசம் முடிஞ்சிருக்கும். காலேஜ்ல ஒரு வருஷம் படிச்சுட்டு அகாடமிக்கு மறுபடி அப்ளை பண்றவங்க வருஷா வருஷம் இருக்காங்க. டிகிரி முடிச்சுட்டு ஆபீசர் ஸ்கூல் வழியா போறதும் இருக்கு. கமிஷன், அதாவது ஆபீசர் பதவி, வாங்குற அன்னைக்கு எந்த வழியில வந்தாலும் ஒரே ரேங்க்தான்.

ஒண்ணு மட்டும் எனக்கு சத்தியம் பண்ணிக் குடு. இந்த 36 மாசம் சுத்தமா இருக்கணுமேன்னு பயந்து, திரும்ப மனசு இருட்டுனா வாய மூடிட்டு உக்காந்திராத. எந்த யூனிஃபார்மும் அதுக்கு ஈடாகாது. நடுராத்திரி ஆனாலும் 988-க்கு (அமெரிக்காவோட மனநல உதவி எண்) ஃபோன் பண்ணலாம், மெசேஜும் பண்ணலாம்.

கேள்வி: என் தம்பி முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுறான், எல்லாரும் அக்யூட்டேன்னு சொல்ற மாத்திரை. இதுக்குமா வெய்வர்? – ஒரு அக்கா, வர்ஜீனியா

பதில்: பெரும்பாலும் தேவைப்படாதும்மா. சாப்பிட்டுட்டு இருக்குற வரைக்கும் தகுதி இல்ல, கோர்ஸ் முடிஞ்சு சில வாரம் இடைவெளி வேணும், அவ்வளவுதான். தோல் டாக்டர்கிட்ட பரிசோதனை எந்த மாசம் வரும்னு சொல்லி, கோர்ஸ் அதுக்கு முன்னாடி முடியுமான்னு கேளுங்க, கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதிய எழுத்துல வாங்கிக்கோங்க. முதுகு தோள்பட்டை கழுத்துல பரு ரொம்ப மோசமா இருந்து ஹெல்மெட் வாரோ முதுகுப்பையோ உரசுற அளவுக்கு இருந்தா அது தனியா ஒரு விதியில வரும், அதனால மாத்திரைய பாதியில நிறுத்தாம முழு கோர்ஸையும் முடிக்கச் சொல்லுங்க.